காரணம் ஏற்கத்தக்கதல்ல

அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு மறதி என்றாலே ஆகாது. ஆகாது என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். மறதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவர் ஒத்துக்கொண்டதில்லை. யாராவது வந்து தலையைச் சொறிந்துகொண்டு மறந்து போச்சு சார் என்றால், அக்கறை இல்லைன்னு நேராவே சொல்லிடுங்களேன், பாவம் மறதி மேல ஏன் பழி போடறீங்க என்பார். வயது ஐம்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. பதினொரு வருடமாக அதே மேஜை. எந்த வருடம் எந்த ஹாலில் எத்தனை பெஞ்சு போட்டார்கள் என்று கேட்டால் பேப்பரைப் பார்க்காமல் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார், அதுதான் தொல்லை.

ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் அவர் மேஜைக்கு மனுக்கள் வரும். நல்லாப் படிச்சேன் ஐயா, கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது, தயவுசெய்து சிறப்புத் தேர்வு எழுத அனுமதி கொடுங்கள் என்று. அனுமதி கொடுப்பது முதல்வர்தான். ஆனால் அதற்கு முன்னால் கண்காணிப்பாளர் தன் கருத்தை எழுத வேண்டும். அவர் எழுதும் கருத்து எப்போதும் ஒன்றுதான்: காரணம் ஏற்கத்தக்கதல்ல. எழுதி எழுதிக் கை வலித்ததும், அதையே ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்துக்கொண்டார். ஊதா மை. ஸ்டாம்பு வந்த அன்றைக்கு மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள், அவருக்குப் பேரன் பிறந்துவிட்டானோ என்று நினைத்தார்களாம். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தக்கதல்ல சார்'. அது அவர் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை, உள்ளூரப் பெருமைதான்.

இந்த வருடப் பரீட்சையில் பாதி முடிந்து பாதி மிச்சம் இருந்தபோது, இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தியின் மனு வந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை, வீட்டுக்குப் போகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிட்டது, கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போது நான்காவது கேள்விக்கான பதில் முழுவதும் கண் முன்னால் நின்றது என்று எழுதியிருந்தாள். கண்காணிப்பாளர் அதை அலுவலகம் முழுவதற்கும் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினார். அடுத்த தடவை பரீட்சையை பஸ்ஸிலேயே வெச்சுடலாம், கண்டக்டரையே சூப்பர்வைசராப் போட்டுடலாம் என்றார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்னே ஸ்டாம்பு விழுந்தது. மனு ட்ரேயில் மற்ற மனுக்களோடு சேர்ந்தது. பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக முதல்வர் கையெழுத்துக்குப் போகும்.

இது வியாழக்கிழமை. திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கேள்வித்தாள் கட்டுகள் இருக்கும் ஸ்ட்ராங் ரூம் தேர்வுப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் இல்லாத சின்ன அறை, அதற்கு ஒரு இரும்புக் கதவு. கதவில் சாவி ஒன்று, நம்பர் பூட்டு ஒன்று. சாவி முதல்வரிடம். நம்பர் கண்காணிப்பாளரிடம். வட்டமான டயலை வலது பக்கம் நாலு சுற்றுச் சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும், இடது பக்கம் மூன்று சுற்றுச் சுற்றி இரண்டாவது எண், மறுபடி வலது பக்கம் இரண்டு சுற்றில் மூன்றாவது எண். டக்கென்று சத்தம் வரும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த எண்களைப் போட்டவர் இவர்தான். பிறந்த நாள், கல்யாண நாள் என்று வைத்தால் எவனாவது ஊகித்துவிடுவான் என்று, தனக்கே எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்று எண்களாகப் பார்த்துப் போட்டார். கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று யார் சொன்னது.

தினமும் காலை ஒன்பது மணிக்கு, பியூன் முதல்வரிடமிருந்து வாங்கி வந்து கொடுக்கும் சாவியோடு கதவைத் திறப்பார். உள்ளே பெருக்கித் துடைக்கிற அக்கா துடைப்பமும் வாளியுமாகப் பின்னால் காத்திருப்பாள். அவர் முன்னிலையில்தான் அந்த அறையைப் பெருக்கலாம் என்பது விதி. கல்லூரியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். கண்காணிப்பாளருக்கு மட்டும் 'ஏம்மா'. டயலைத் திருகிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் அவளுக்கு ஒரு அர்ச்சனை நடக்கும். பதினொரு வருடமாக அதே அர்ச்சனை. அவளும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு, கதவு திறந்ததும் உள்ளே போய் வேலையைப் பார்ப்பாள்.

சனிக்கிழமை கண்காணிப்பாளர் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. ரோட்டைக் கடக்கத் தடுமாறிய ஒரு பெரியவருக்கு உதவப் போய் விழுந்ததாகத் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பியூன் நாற்காலியை இழுத்துப் போட்டார், டைப்பிஸ்ட் டீ வாங்கி வரச் சொன்னாள். இடது கையால் டீயைக் குடித்துவிட்டு, கை உடைந்த செய்தி கேட்டு அன்றைக்குத் தானே சாவியோடு வந்த முதல்வரம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வழக்கம் போலக் கதவு முன்னால் போய் நின்றார்.

இடது கையை டயலில் வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருந்தது.

முதல் எண் என்ன? இது என்ன கேள்வி, முதல் எண் வந்து... அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். முதல் எண் வந்து... நாக்கு நுனியில்கூட இல்லை. அந்த இடத்தில் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. பதினொரு வருடம் தினம் தினம் திறந்த பூட்டின் எண் தனக்குத் தெரியாது என்று அந்த இரும்புக் கதவு முன்னால் நின்றபோதுதான் மனிதருக்குத் தெரிந்தது.

பத்து மணிக்குப் பரீட்சை. நானூற்றுப் பன்னிரண்டு பேர். பத்தரைக்குள் கேள்வித்தாள் ஹாலுக்குப் போகாவிட்டால் பரீட்சை ரத்து, மறுபடி நடத்த இரண்டு மாதம் ஆகும் என்பது விதி. அந்த விதியை நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்தவரும் இவர்தான்.

என்ன சார், திறக்கலையா என்று கேட்டார் முதல்வரம்மா. இந்த வருடம்தான் பொறுப்புக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் ஒரு பயம்.

"இடது கை சரியா வரலை மேடம்" என்றார் கண்காணிப்பாளர்.

"நம்பரைச் சொல்லுங்க, நான் திருப்பறேன்."

அவர் திருதிருவென்று விழித்தார். மறந்து போச்சு என்ற இரண்டு வார்த்தையை இந்த ஜன்மத்தில் அவர் வாயால் சொன்னதில்லை.

"நம்பர்... கைக்குத்தான் மேடம் தெரியும்."

முதல்வரம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. பூட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஆள் துளைபோடும் மிஷினோடு வந்து சேர மதியம் ஆகும் என்றார்கள். அப்புறம் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பொறுப்பேற்ற அன்றைக்கு அரக்குச் சீல் வைத்த ஒரு உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நம்பர் பூட்டின் எண் அதில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது விதி. அவருக்கு முன்னால் இருந்த நாலு முதல்வர்களும் அதே உறையை ஒருவர் மாற்றி ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

உறை வந்தது. அதைப் பார்த்ததும் கண்காணிப்பாளரின் முகம் தெளிந்திருக்க வேண்டும் இல்லையா? பேயறைந்த மாதிரி ஆனது. ஏனென்றால் எண்தான் மறந்ததே தவிர, அந்த உறைக்குள் என்ன எழுதினோம் என்பது அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. முதல்வரம்மா அரக்கை உடைத்து, தாளைப் பிரித்து, சத்தமாகவே படித்தார்.

"எண் என் நினைவில் பத்திரமாக உள்ளது. வேறெங்கும் எழுதத் தேவையில்லை. இப்படிக்கு, கண்காணிப்பாளர், தேர்வுப் பிரிவு."

பின்னால் நின்ற டைப்பிஸ்ட்டுக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று நான் கேட்கவில்லை. பதினொரு வருடம், ஐந்து முதல்வர், ஒரு தடவைகூட யாரும் உறையைத் திறந்து பார்க்கவில்லை பாருங்கள்.

மணி ஒன்பதரை. விஷயம் காரிடாரில் பரவி, உளவியல் துறை விரிவுரையாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவர் மாதிரி முகமெல்லாம் பல். பதற்றப்படாதீங்க சார், இது ரொம்ப சகஜம் என்று ஆரம்பித்தார். தலைக்கு ஒரு ஞாபகம், கைக்கு ஒரு ஞாபகம் என்றார். முதல் சில மாசம் நம்பரை வைத்திருந்தது தலைதான். அப்புறம் கை பழகிவிட்டது. வீட்டில் ஒருத்தர் ஒரு வேலையைத் தவறாமல் செய்துகொண்டே இருந்தால் மற்றவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடுகிறார் இல்லையா, அந்த மாதிரி தலை அதைக் கழற்றி விட்டுவிட்டது. கேட்கப்படாத விஷயத்தைத் தலை ரொம்ப நாள் வைத்திருக்காது, அதுவும் அர்த்தமே இல்லாத எண் என்றால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று மட்டும் கூடாது சார், பயப்படக்கூடாது, பயந்தா வர இருக்கறதும் வராது என்றார்.

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? கண்காணிப்பாளருக்கு வேர்த்துக் கொட்டியது. ஹாலில் இப்படித்தானே எத்தனையோ பிள்ளைகள் வெள்ளைத்தாளை விட்டுவிட்டுக் கூரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இவர் பின்னாலிருந்து வந்து, கூரையில என்ன எழுதியிருக்கு என்று கேட்டுவிட்டுப் போவார். இப்போது இவரே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒருவேளை தெரியாத்தனமாக ஏதாவது தேதியை வைத்திருப்பாரோ என்று எல்லாருக்கும் ஒரு சந்தேகம். பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தார்கள். இல்லை. கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தார்கள். இல்லை. வீட்டில் கேளுங்கள் என்றார் முதல்வரம்மா. ஒற்றைக் கையால் போனைப் பிடித்துக்கொண்டு டயலையும் திருக முடியாது என்பதால், கண்காணிப்பாளர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல் மேல் வைத்தார். கெட்ட நேரம் என்றால் அதுதான். மனைவி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். என்னென்ன தேதி போட்டுப் பார்த்தீங்க என்று விசாரித்தாள். இவர் பட்டியல் சொன்னார்.

"கல்யாண நாளுக்கு என்ன போட்டீங்க?"

"பன்னிரண்டு."

போனில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மிக்ஸிச் சத்தம் நின்றது.

"பதினாலுங்க" என்றாள் மனைவி. "சக்கரம் வெச்ச நாற்காலியில ஏறிக் கடிகாரத்தைக் கழட்டாதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். அதுவும் மறந்து போச்சா?"

ரோட்டைக் கடக்கத் தடுமாறிய பெரியவர் அத்தோடு காணாமல் போனார். பதினாலைப் போட்டும் பூட்டு திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பத்து மணி அடித்தது. வழக்கமாக அந்த மணிக்குப் பிறகு கட்டிடமே மூச்சை அடக்கிக்கொள்ளும். இன்றைக்கு நாலு ஹாலிலிருந்தும் தேனீக் கூடு கலைந்த மாதிரி இரைச்சல் எழுந்தது. கண்காணிப்பாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், விடியவிடியப் படித்ததைக் கொட்டிவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு மாதம் தள்ளிப்போனால் இன்றைக்கு இருப்பதில் பாதி போய்விடும். அத்தனைக்கும் தன் ஒருத்தன் தலைதான் காரணம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணி பத்து நிமிடம். அதுவரைக்கும் காரிடார் மூலையில் வாளியோடு நின்றிருந்த அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவளாகவே முதல்வரம்மாவிடம், நான் தினமும் இங்கதான் நிக்கறேன், சார் எப்படித் திறப்பாருன்னு எனக்குத் தெரியும் என்றாள்.

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. நம்பர் தெரியுமா என்று முதல்வரம்மா கேட்டார். நம்பரெல்லாம் தெரியாது, சார் முதுகுதான் தெரியும் என்றாள் அக்கா. சொன்னதோடு நிற்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்கு முன்னால் போய் நின்று, செய்தே காட்ட ஆரம்பித்தாள். முதலில் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினாள். வலது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். வயிற்றை முன்னால் தள்ளினாள். காற்றில் கையை நாலு சுற்றுச் சுற்றி, நாலாவது சுற்றில் ம்ம் என்று ஒரு உறுமல் உறுமி நிறுத்தினாள். கண்காணிப்பாளரை உரித்து வைத்தது போல இருந்தது. பியூன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விரிவுரையாளர் நோட்டில் கிறுக்கித் தள்ளினார்.

மாவுக்கட்டு விரல்களை இடது கை மேல வெச்சுக்கிட்டு அதே மாதிரி செய்யுங்க சார், உடம்புக்கு வழி தெரியும் என்றார் விரிவுரையாளர். கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். இடது கை டயலில், அதன் மேல் வலது விரல் நுனிகள். கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை வெட்டினார், தோளைத் தூக்கினார். நாலு சுற்று, ம்ம். கை தானாக ஒரு இடத்தில் நின்றது. அடடா, நின்றேவிட்டது. அடுத்து இடது பக்கம் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று... கை எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் தடுமாற்றம்.

"அங்கதான் சார் ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் அக்கா. "அந்த எடத்துல நீங்க என்னைத் திட்டணும்."

முதல்வரம்மா கண்காணிப்பாளரைப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவர் ஊழியர் கூட்டத்தில், துப்புரவு வேலை செய்கிறவர்களை யாராவது மரியாதைக் குறைவாகப் பேசுவது என் காதில் விழுந்தால் சும்மா விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டியவர் நம்ம கண்காணிப்பாளர்.

"நான்... அப்படியெல்லாம்... திட்டுவேனாம்மா?" என்றார், குழைந்துகொண்டு.

"தினமும் சார். ஒரே திட்டுதான். எனக்கு மனப்பாடம்" என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மணியைப் பாருங்க."

மணி பத்தேகால். முதல்வரம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஹால் பக்கம் பார்த்தார், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, "திட்டுங்க சார்" என்றார்.

ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சோதனை வரக்கூடாது. முதல் தடவை மென்று விழுங்கித் திட்டினார், கை அசையவில்லை. இப்படித் திட்டினா எனக்கே திட்டு மாதிரி தெரியலையே, கை எப்படி நம்பும் என்று அக்கா கேட்டாள். கண்காணிப்பாளர் கண்ணை இறுக மூடினார். முதல்வரம்மா, நானூற்றுப் பன்னிரண்டு பேர், மனைவி, பதினாலாம் தேதி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இது ஒரு சாதாரணக் காலை, மணி ஒன்பது, பின்னால் வாளிச் சத்தம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார். அக்காவும் சமயம் பார்த்து வாளியை ஒரு இழுப்பு இழுத்துச் சத்தம் கொடுத்தாள். அவர் கழுத்து தானாக வெட்டியது. நாலு சுற்று, ம்ம்.

"ஏம்மா, நேத்தும் மூலையில தூசி அப்படியே கிடந்துச்சே, கண்ணு இருக்கா இல்லையா? சம்பளம் வாங்கறது எதுக்கு? நான் சொல்றது காதுல விழுதா?"

விழுதா என்ற இடத்தில் கை நின்றது. போய் வேலையைப் பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே வலது பக்கம் இரண்டு சுற்று. டக்.

இந்தச் சத்தத்துக்காகவே எல்லாரும் காத்திருந்த மாதிரி, சாவியோடு நின்ற முதல்வரம்மா பாய்ந்து கதவைத் திறந்தார். ஆளுக்கொரு கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அமளியில் யாருடைய தோளோ பட்டு டயல் சுற்றிப்போனது. எண்ணைப் பார்த்தவர் யாருமில்லை. கண்காணிப்பாளரும் அதுவரை கண்ணைத் திறக்கவில்லை. பத்து இருபத்தாறுக்கு நாலு ஹாலிலும் கேள்வித்தாள் கொடுத்தாகிவிட்டது. கட்டிடம் மூச்சை அடக்கிக்கொண்டது.

சாயங்காலம் முதல்வரம்மாவிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. இருபத்தாறு நிமிடத் தாமதத்துக்கு நாளைக்குள் எழுத்து மூலம் காரணம் தெரிவிக்கவும். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்தார். இவர் டிக்கெட்டுக்காக இடது கையைப் பைக்குள் விட்டார்.

பதினேழு, நாற்பத்திரண்டு, எட்டு.

அழைக்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி, மூன்று எண்ணும் வரிசையாக வந்து நின்றன. பதினொரு வருடத்துக்கு முன்னால் அவற்றைப் போட்ட அன்றைக்குத் தான் போட்டிருந்த சட்டையின் நிறம்கூடச் சேர்ந்து வந்தது. காலையில் உயிரைக் கொடுத்துக் கெஞ்சினாலும் வராதது, வேண்டாத நேரத்தில், பஸ்ஸில், டிக்கெட் வாங்கும்போது. எங்க சார் இறங்கணும் என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார். இவர் காதில் விழவில்லை. அந்தப் பெண் எழுதியது ஒரு எழுத்துவிடாமல் உண்மை என்று அவருக்கு அப்போது தெரிந்தது. அதை ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டிய தன் குரலும் ஞாபகம் வந்தது. காது மடல் சூடாகிவிட்டது. அவளுடைய முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார், வரவில்லை. மனுவை மேஜையில் வைத்தபோது நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே வரும். வெட்கம் என்றால் அவருக்கு அப்படி ஒரு வெட்கம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரிக் கோணல்மாணலாகக் காரணம் எழுதினார். எண் மறந்து போய்விட்டது. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. எழுதி முடித்ததும் பழக்க தோஷம், ட்ராயரைத் திறந்து ஸ்டாம்பை எடுத்தார். மனுவோ விளக்கமோ, மறதி என்று எழுதிய எந்தத் தாளும் இந்த மேஜையைத் தாண்டி முதல்வரிடம் போவதானால் அதில் இவருடைய கருத்து இருக்க வேண்டும். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே. ஊதா மையில் தொட்டு, தன் பெயருக்குக் கீழேயே குத்தினார்.

முதல்வரம்மா கூப்பிட்டு அனுப்பினார். தாளை அவர் முன்னால் திருப்பி வைத்தார்.

"இந்த ஸ்டாம்பு சரின்னா, நான் உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். உங்க காரணம் சரின்னா, ஸ்டாம்பு தப்பு. எது சரி?"

கண்காணிப்பாளர் ஸ்டாம்பைப் பார்த்தார், அதற்கு மேலிருந்த தன் கோணல் எழுத்தைப் பார்த்தார். "காரணம் சரிதான் மேடம்" என்றார் கடைசியில். "நிஜமாவே மறந்துதான் போச்சு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாய் அதைச் சொன்னது. சொன்ன பிறகு மூச்சு லேசாக இருந்தது என்று பின்னால் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். முதல்வரம்மா அந்தத் தாளை மடித்து, அவருடைய பழைய உறைக்குள்ளேயே போட்டு, இதுவும் இங்கேயே பத்திரமா இருக்கட்டும் என்று பீரோவில் வைத்தார். இந்தத் தடவை சரியான எண்ணையும் தனி உறையில் வாங்கிக்கொண்டார், தன் கண் முன்னால் எழுதச் சொல்லி.

அன்றைக்கு முழுவதும் கண்காணிப்பாளர் ட்ரேயில் இருந்த மனுக்களைப் படித்தார். இருபத்து மூன்று மனு. குத்தியிருந்த ஸ்டாம்பு வரியை ஒவ்வொன்றிலும் கோடு போட்டு அடித்துவிட்டு, இடது கையால் புதுசாகக் கருத்து எழுதினார். அந்தப் பெண்ணின் மனுவில், சொந்த அனுபவத்தில் இது உண்மை என்று அறிகிறேன், அனுமதிக்கலாம் என்று எழுதினார். நாலு பேர் புளுகுகிறார்கள் என்று படிக்கும்போதே தெரிந்தது; அவர்களுக்கும் ஏன் கூடாது என்று காரணத்தைக் கையாலேயே எழுதினார். ஸ்டாம்பு எங்க சார் என்று டைப்பிஸ்ட் கேட்டாள். எங்க வெச்சேன்னு மறந்து போச்சும்மா என்றார். அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு அக்கா குப்பைக்கூடையை எடுக்க வந்தாள். கசங்கின தாள்களுக்கு நடுவே கையை விட்டு, ஊதா மை ஒட்டிய ஒரு மரப்பிடியை வெளியே எடுத்தாள்.

"சார், இது உங்களுதா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்த்த மாதிரியே இல்லையேம்மா."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி கூடையிலேயே போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நாளையிலிருந்து இவளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவர் மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தரையைப் பார்த்தார்.

"ஏம்மா, மூலையில தூசி இருக்கு பாரு" என்றது வாய்.

மேஜை ஓரத்தில் இருந்த இடது கை, யாரும் சொல்லாமலே மெல்ல இடது பக்கம் மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.